தாத்தாவின் கால் வாசலில் ஏன் நின்றுவிடுகிறது?

கூடத்தில் நன்றாக நடந்து வந்த தாத்தா, அறை வாசலுக்கு வந்ததும் சட்டென்று நின்றுவிடுகிறார். எவ்வளவு முயன்றாலும் அடுத்த அடி எடுத்துவைக்க முடியவில்லை. பார்க்கின்சன் நோய் உள்ளவர்களில் சிலருக்கு இப்படி நேரும். கை நடுங்குவதுதான் இந்த நோய் என்று பலர் நினைக்கிறார்கள். நடுக்கமே இல்லாமலும் இது வரலாம்.

நம் நடுமூளையில் கருநிறமாக ஒரு சிறு பகுதி உண்டு. அங்குள்ள நரம்பு செல்கள் டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கின்றன. நடப்பதும் எழுதுவதும் யோசிக்காமலே சரளமாக வருவதற்கு அது வேண்டும். அந்த செல்கள் மெல்ல மெல்ல அழியும்போது உடல் விறைக்கிறது, அசைவு மெதுவாகிறது. கையெழுத்துகூட வரி முடிவதற்குள் பொடிப்பொடியாகச் சுருங்கிவிடும்.

லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-இல் இந்த நோய் இருந்த ஆறு பேரைப் பற்றி எழுதினார். அவர்களில் சிலரை அவர் தெருவில் பார்த்துத்தான் கவனித்தார்! காரணம் புரிய நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1950-களில் ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானி அர்விட் கார்ல்சன், முயல்களுக்கு ரெசர்பின் கொடுத்தார். நம் நாட்டுச் சர்ப்பகந்தா செடியில் இருக்கும் பொருள் அது. மூளையில் டோபமின் வற்றியதால் முயல்கள் அசையாமல் கிடந்தன. பிறகு லெவோடோபா என்ற பொருளைச் செலுத்தியதும் எழுந்து நடமாடின! டோபமினை மாத்திரையாகக் கொடுத்தால் ரத்தத்திலிருந்து மூளைக்குள் போகாது. லெவோடோபா உள்ளே போய் டோபமினாக மாறும். கார்ல்சனுக்கு 2000-இல் நோபல் பரிசு கிடைத்தது. நோயை அடியோடு குணமாக்க இன்னும் மருந்து இல்லை. ஆனால் லெவோடோபாவால் லட்சக்கணக்கானோர் எழுந்து நடக்கிறார்கள். அதை வேளை தவறாமல் சாப்பிட வேண்டும். நேரத்தை நினைவுபடுத்துவது நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி.

சரி, வாசலில் நிற்கும் தாத்தாவை என்ன செய்வது? கையைப் பிடித்து இழுக்காதீர்கள், விழுந்துவிடுவார். அவசரப்படுத்தினால் கால் இன்னும் இறுகும். "ஒன்று, ரெண்டு" என்று நிதானமாக எண்ணுங்கள். பெரியவர்களிடம் சொல்லி, வாசல் தரையில் குறுக்காக வண்ண டேப் ஒட்டச் சொல்லுங்கள். கோட்டைத் தாண்டுவதற்காகக் கால் எழும்பும், பாருங்கள்! பழக்கத்தால் தானாக நடக்கும் வழி மூளையில் பழுதாகியிருந்தாலும், கண்ணால் பார்த்து, எண்ணி அடியெடுத்து வைக்கும் வழி பலருக்கு வேலை செய்கிறது.

இந்த நோய் ஒட்டிக்கொள்ளாது, தாராளமாக மடியில் உட்காரலாம். முகத்தசைகளும் விறைப்பதால், நீங்கள் சொன்ன கதைக்கு அவர் முகத்தில் சிரிப்பு தெரியாமல் போகலாம். அது கோபமில்லை. அவர் மெதுவாகப் பேசினால் முடிக்கும்வரை காத்திருங்கள். சட்டைப் பொத்தானை அவரே போடட்டும். கேட்டால் மட்டும் உதவுங்கள்.