பின்வடம் பிடிக்கும் 44 பேர்

பாங்காக் போகிறவர்கள் அரண்மனையைச் சுற்றிவிட்டு, மரகத புத்தரைக் கும்பிட்டுவிட்டு, கால் வலிக்கிறது என்று திரும்பிவிடுகிறார்கள். சனாம் லுவாங் மைதானத்தின் ஓரமாக இன்னும் கொஞ்சம் நடந்தால் தேசிய அருங்காட்சியகம் வந்துவிடும். அந்த வளாகத்துக்குள்ளேயே ஒரு தேர்க்கொட்டகை இருக்கிறது. தாய்லாந்து அரச குடும்பத்தின் இறுதி ஊர்வலத் தேர்கள் நிற்பது அங்கேதான். டீ ஆறுவதற்குள் அதைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

உள்ளே போனதும் நம்மை நிறுத்துவது மகா வெற்றித் தேர். இன்றைய சக்ரி வம்சத்தைத் தொடங்கிய முதலாம் ராமா, தன் தந்தையின் அஸ்தியைக் கொண்டுபோவதற்காக 1795இல் செய்வித்தது. தேக்கில் செதுக்கி, தங்க ரேக்கு ஒட்டி, கண்ணாடிச் சில் பதித்திருக்கிறார்கள். அடுக்கடுக்காக நாகங்கள், கைகூப்பிய தேவர்கள், உச்சியில் ஒரு சிறு மண்டபம். உயரம் 11.2 மீட்டர், எடை 13.7 டன்.

அந்த மண்டபத்துக்குள் வைப்பது அரச தாழி. பழைய வழக்கப்படி, இறந்த அரசரை உட்கார்ந்த நிலையில் தாழிக்குள் வைப்பார்கள். 2016 அக்டோபர் 13இல் காலமான பூமிபோல் மன்னரின் உடலைப் பேழையில்தான் வைத்தார்கள். ஆனாலும் தாழி அடையாளமாக ஊர்வலத்தில் போனது. தாழி இல்லாமல் அந்தத் தேர் எதற்கு?

பலரும் தங்கத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். எனக்கு இதில் பெரிதாகப் படுவது வடம். முன்னால் நான்கு வடம், வடத்துக்கு 43 பேர். பின்னால் இரண்டு வடம், வடத்துக்கு 22 பேர். மொத்தம் 216 பேர். பின்னால் இருக்கும் 44 பேரின் வேலை தேரை நகர்த்துவது இல்லை, ஓடவிடாமல் பிடித்து நிறுத்துவது. நம் ஊர்த் தேருக்குச் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிறோமே, அந்த வேலையை அங்கே மனிதர்கள் தோளில் வாங்கிக்கொள்கிறார்கள். இழுப்பவனும் பிடிப்பவனும் ஒரே அடி வைத்தால்தான் தாழி ஆடாமல் போகும். அந்த நிதானம்தான் அவர்கள் அரசருக்குச் செய்யும் மரியாதை என்று நான் நினைக்கிறேன்.

சரி, அவ்வளவு உயரத்துக்குத் தாழியை ஏற்றுவது எப்படி? அதற்கும் ஒரு சாதனம் வைத்திருக்கிறார்கள். சாய்வான படிக்கட்டு மாதிரி ஒன்று, இருபுறமும் கைப்பிடிச் சுவராக நீண்ட நாகங்கள். நடுவில் ஒரு மேடை. வின்ச்சைக் கையால் சுற்றச் சுற்ற, மேடை சாயாமல் மேலே ஏறும். யாரும் தாழியைத் தூக்கிக்கொண்டு படியேறித் தடுமாற வேண்டியதில்லை. பக்தியும் பொறியியலும் இப்படிக் கைகோத்திருப்பதை நான் அதிகம் பார்த்ததில்லை.

தேர் போய்ச் சேரும் இடம் சனாம் லுவாங். அங்கே மேரு மலையின் உருவமாக ஒரு தகன மண்டபம் எழுப்புவார்கள். அதை அப்பிரதட்சிணமாக மூன்று சுற்றுச் சுற்றிய பிறகே தாழி மேலே ஏறும். பூமிபோலுக்கு எழுப்பியது சுமார் 50 மீட்டர் உயரம். அதில் அவர் வளர்த்த தெருநாய் தோங்டேங்குக்கும் ஒரு சிலை வைத்திருந்தார்கள். இமயத்துப் புராண விலங்குகள், தெய்வங்களுக்கு நடுவே அந்த நாயையும் சேர்த்துக்கொண்ட மனம் எனக்கு மிகவும் பிடித்தது.

மண்டபம் அந்த ஒரு சாவுக்கானது. காரியம் முடிந்ததும் பிரித்துவிடுவார்கள். தேர்கள் மட்டும் கொட்டகைக்குத் திரும்பிவிடும். ஆனால் அவற்றைக் காலாவதியான பொருளாக நினைக்க வேண்டாம். 2017 அக்டோபர் 26இல் நடந்த பூமிபோலின் தகனத்துக்கு முன், நுண்கலைத் துறைக் கைவினைஞர்கள் இதே மகா வெற்றித் தேரைப் பழுது பார்த்து மெருகேற்றினார்கள், ராணுவத்தினர் வடம் பிடித்து ஒத்திகை பார்த்தார்கள். 200 வருஷத்துக்கு மேல் பழைய தேர் தெருவில் இறங்கி வேலை செய்தது.

போனால் தேரின் பின்பக்கமும் போய் நின்று பாருங்கள். திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் அருங்காட்சியகத்துக்கு விடுமுறை.