கைத்தடியும் காலடிக் கணக்கும்

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி செல்லும் சாலையில் உள்ள கோலியனூரில், மூட்டு அறுவை முடிந்த பெரியவர் ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நாளைக்கு 3000 அடி நடக்கும்படி மருத்துவர் சொல்லியிருக்கிறார். வலக்கையில் தடி, அதே மணிக்கட்டில் பேரன் வாங்கித் தந்த, அடிகளை எண்ணும் கடிகாரம். 3000 அடி நடந்து முடித்தபின் அது 2000 என்று காட்டினால், அவர் இன்னும் 1000 அடி நடப்பார். ஆறிவரும் மூட்டுக்கு அது ஆகுமா?

கடிகாரம் காலைப் பார்ப்பதே இல்லை. அதனுள் முடுக்கமானி என்னும் நுண்கருவி இருக்கிறது. சிலிக்கானில் செதுக்கிய சிறு எடை ஒன்று மெல்லிய விற்களில் நிற்கிறது. கை அசைந்தால் அதுவும் அசைகிறது. கால் தரையில் படும் அதிர்வு உடல் வழியே மணிக்கட்டுக்கு ஏறுகிறது. கைவீச்சும் அதனுடன் சேருகிறது. வினாடிக்கு ஏறத்தாழ இரண்டு முறை ஒழுங்காக எழுந்து தாழும் அலையைத்தான் கருவி 'நடை' என்று எண்ணுகிறது.

தடி ஊன்றியதும் இந்த ஒழுங்கு குலைகிறது. ஊன்றிய கை வீசுவதில்லை. அலை தாழ்ந்து, சில அடிகள் விட்டுப்போகின்றன. தார்ச்சாலையில் தடி 'டக்'கென்று மோதினாலோ, இல்லாத அடி ஒன்று கணக்கில் ஏறவும் கூடும். பின்லாந்தில் பனிச்சறுக்கு வீரர்களின் கோடைப் பயிற்சியிலிருந்து பரவிய இரட்டைக்கோல் நடையிலும் இதே தொல்லைதான். சக்கரம் வைத்த நடைச்சட்டத்தைப் பிடித்து நடப்பவருக்குக் கைவீச்சே கிடையாது. கருவி பெரும்பகுதி அடிகளைத் தவறவிடும்.

1865-66இல் லாசா வரை நடந்து திபெத்தை அளந்த நயின் சிங்கிடம் எந்திரம் இல்லை. 108 மணிகளுக்குப் பதில் 100 மணிகள் கோத்த செபமாலை இருந்தது. நூறு அடிக்கு ஒரு மணி தள்ளினார். அவர் எண்ணியது காலை!

அந்த முறையிலேயே நம் கருவியையும் சோதிக்கலாம். பையில் பத்துப் புளியங்கொட்டை போட்டுக்கொண்டு, நூறு அடிக்கு ஒன்றாக மற்றப் பைக்கு மாற்றுங்கள். ஆயிரம் அடி முடிந்ததும் கடிகாரத்தைப் பாருங்கள். பிறகு அதைத் தடி பிடிக்காத கைக்கு மாற்றிக் கட்டி மறுபடியும் நடந்து பாருங்கள். இடுப்பில் செருகும் கருவி கைத்தடிக்கு ஏமாறுவது குறைவு. ஆனால் மிக மெதுவான நடையில் அதுவும் அடிகளை விட்டுவிடும். தளர்ந்த நடைக்குக் கணுக்காலில் கட்டும் கருவியே மேல்.