அப்பாவின் கைலியும் ஆர்ச்சர்ட் சாலைக் கோட்டும்

ஆர்ச்சர்ட் சாலைக் கடை ஒன்றின் கண்ணாடிக்குப் பின்னால் அந்தக் கோட்டைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். முழங்கால் வரை நீண்டு, முன்பக்கம் திறந்திருந்த பருத்திக் கோட். சிவப்பு, நீலம், மஞ்சள் நிறக் கட்டங்கள். பக்கத்தில் இருந்த சிறு அட்டையில் ‘மெட்ராஸ் செக்’ என்று எழுதியிருந்தது. விலை 640 வெள்ளி.

“எங்கப்பா கைலி மாதிரியே இருக்கு!” என்றேன். உடன் வந்த தோழியும் நானும் சிரித்தோம். ஆனால், வீடு திரும்பும்போது ரயிலில் எனக்குப் பழைய நினைவு ஒன்று வந்தது. அதன்பின் சிரிப்பு வரவில்லை.

நான் உயர்நிலை மூன்றில் படித்தபோது, திட்டப்பணிக்காக வகுப்புத் தோழர்கள் மூவர் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அவர்கள் மின்தூக்கியில் ஏறிவிட்டதாகக் குறுஞ்செய்தி வந்ததும் அப்பாவிடம், “கைலிய மாத்திட்டு பேண்ட் போட்டுக்குங்கப்பா, ப்ளீஸ்” என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. மாற்றிக்கொண்டார். அதன் பிறகு என் நண்பர்கள் வருகிறார்கள் என்றாலே, நான் சொல்லாமலேயே அறைக்குள் போய் மாற்றிக்கொள்வார்.

அதே கட்டம்தான் இப்போது 640 வெள்ளிக்குக் கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கிறது.

பல்கலைக்கழகத்தில் எங்கள் தமிழ் மன்றத்தின் தீபாவளி நிகழ்ச்சிக்கு ஐந்து வாரங்கள் இருந்தன. அந்தக் கோட்டை நானே உருவாக்கிப் பார்ப்பது என்று முடிவெடுத்தேன். காலணி உட்பட மொத்தச் செலவு 100 வெள்ளியைத் தாண்டக்கூடாது என்பது நான் எனக்கு விதித்துக்கொண்ட நிபந்தனை.

கட்டத்தின் கதை

முதலில் கொஞ்சம் தேடிப் படித்தேன். ‘மெட்ராஸ்’ என்ற பெயர் அலங்காரத்துக்குச் சூட்டப்பட்டதன்று. சென்னையிலிருந்தும் அதையொட்டிய பகுதிகளிலிருந்தும் கப்பலேறிய கட்டம்போட்ட பருத்தித் துணிக்கு உலகச் சந்தையில் அதுதான் பெயர். நூலிலேயே சாயமேற்றிப் பின்னர் நெய்வதால் துணியின் இரு பக்கமும் ஒரே நிறமாக இருக்கும்.

1958ல் வில்லியம் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க இறக்குமதியாளர் இந்தத் துணியை வாங்கிச் சென்றார். நியூயார்க்கின் புகழ்பெற்ற ‘புரூக்ஸ் பிரதர்ஸ்’ அதில் ஆடைகள் தைத்து விற்றது. குளிர்ந்த நீரில் தனியாகத் துவைக்க வேண்டும் என்ற எச்சரிக்கை வாடிக்கையாளர்களைச் சென்றடையவில்லை. சாயம் இறங்கியது, புகார்கள் குவிந்தன. விற்பனையாளர்கள் அந்தக் குறையையே விளம்பரமாக்கினார்கள். துவைக்கத் துவைக்க நிறங்கள் ஒன்றோடொன்று கலந்து புதுச் சட்டையாகும் அதிசயத் துணி என்றார்கள். ‘பிளீடிங் மெட்ராஸ்’ அமெரிக்கக் கல்லூரி மாணவர்களின் மோகமானது.

கோட்டின் வடிவத்துக்கு வேறோர் இடத்தில் முன்மாதிரி கிடைத்தது. 2023 மார்ச் 30ஆம் தேதி மும்பையின் ‘கேட்வே ஆஃப் இந்தியா’ முன்பு டியோர் நிறுவனம் ஆடை அலங்கார அணிவகுப்பு நடத்தியது. மும்பையின் சாணக்யா நிறுவனத்துப் பூத்தையல் கலைஞர்களுடன் சேர்ந்து உருவாக்கிய தொகுப்பு அது. அதிலிருந்த நீண்ட கோட்டுகளையும் சேலையை நினைவூட்டும் நேர்வெட்டுப் பாவாடைகளையும் படம் படமாக நிறுத்திப் பார்த்தேன். தோள்பட்டை எங்கே முடிகிறது, கை எவ்வளவு அகலம், நீளம் எதுவரை என்று குறித்துக்கொண்டேன். பூத்தையலை நம்மால் நகலெடுக்க முடியாது. ஆனால், வெட்டைப் புரிந்துகொள்ளக் காசு தேவையில்லை.

முதல் முயற்சி, முதல் தோல்வி

சோம்பேறித்தனத்தால் முதலில் ஒரு குறுக்குவழியில் இறங்கினேன். இணையத்தில் கட்டம்போட்ட கோட் ஒன்று 29 வெள்ளிக்குக் கிடைத்தது. வாங்கினேன். கட்டங்கள் நெய்யப்பட்டவை அல்ல, ஒரு பக்கம் மட்டும் அச்சிடப்பட்டவை. உட்புறம் வெள்ளை வெளேர் என்றிருந்தது. முதுகுத் தையலில் சிவப்புக் கட்டமும் நீலக் கட்டமும் முட்டி மோதிக்கொண்டு நின்றன. இரண்டே சலவையில் வெளிறிவிட்டது.

சிங்கப்பூரில் 2023ல் சேர்ந்த துணி, தோல் கழிவில் ஏறத்தாழ 2 விழுக்காடுதான் மறுபயனீடு செய்யப்பட்டது. மீதியில் என் 29 வெள்ளிக் கோட்டைப் போன்றவை எத்தனையோ!

தேக்கா மாடியில்

அடுத்த சனிக்கிழமை சிராங்கூன் சாலைக்குச் சென்றேன். கைலிக் கடை அக்கா இரண்டு அடுக்குகளைக் காட்டினார். விசைத்தறிக் கைலி 8 வெள்ளி, கைத்தறி 16 வெள்ளி. தடவிப் பார்க்கச் சொன்னார். கைத்தறியில் நூலின் கனம் அங்கங்கே லேசாக ஏறி இறங்கியது. குடியாத்தத்திலிருந்து வந்தது என்றார். கைத்தறி முத்திரை ஒட்டப்பட்டிருந்தது. மூட்டாத கைலி இரண்டு வாங்கினேன்.

அங்கிருந்து தேக்கா நிலையத்தின் மாடி. கீழே ஈரச்சந்தையும் உணவங்காடியும் இருக்க, மேலே வரிசையாகத் துணிக்கடைகளும் தையல் கடைகளும். அம்மாவுக்கு ரவிக்கை தைக்கும் அங்கிளிடம் துணியை நீட்டி, கைப்பேசியில் படத்தைக் காட்டினேன்.

“கைலில கோட்டாம்மா?” என்று கேட்டவர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு, “மொதல்ல வீட்டுக்குக் கொண்டுபோய் அலசிட்டு வா. சுருங்குறது இப்பவே சுருங்கட்டும், போற சாயம் இப்பவே போகட்டும்” என்றார்.

அலசிக் காயவைத்து எடுத்துப் போனேன். ஈரமான வெள்ளைத் துணியால் ஒரு மூலையைத் தேய்த்துப் பார்த்தார். சாயம் ஒட்டவில்லை. கட்டம்போட்ட துணியில் தையலின் இருபுறமும் கோடுகள் ஒரே நேரில் சந்திக்க வேண்டும், அதற்காகத் துணி கூடுதலாகச் செலவாகும் என்று விளக்கினார். மலிவான ஆடையில் முதலில் கைவிடப்படுவது அதுதானாம். கைலியின் கரையை வீணாக்காமல் கோட்டின் அடிவிளிம்பாக வைத்தார். அந்த யோசனை எந்த அணிவகுப்பிலும் நான் பார்க்காதது.

என் கணக்கு இதுதான்: கைலி இரண்டு 32 வெள்ளி, தையல் கூலி 38, தோளுக்கான உள்துணி 9, பொத்தான் 2, கால்விரல் வளையம் வைத்த தோல் செருப்பு 15. மொத்தம் 96 வெள்ளி. (இணையத்தில் வீணாக்கிய 29ஐச் சேர்க்கவில்லை. அது படிப்புச் செலவு!)

யார் யாரைப் பார்த்து?

அந்தச் செருப்புக்கும் ஒரு கதை உண்டு. 2025 ஜூன் மாதம் மிலான் நகரில் பிராடா நிறுவனம் கிட்டத்தட்ட இதே வடிவச் செருப்பை மேடையேற்றியது. இந்தியாவின் பெயரே முதலில் குறிப்பிடப்படவில்லை. மகாராஷ்டிரத்திலும் கர்நாடகத்திலும் தலைமுறை தலைமுறையாகக் கையால் செய்யப்படும் கோலாப்பூர் செருப்புக்கு 2019லேயே புவிசார் குறியீடு கிடைத்திருந்தது. கண்டனம் கிளம்பிய பிறகுதான் தங்கள் வடிவமைப்பு அந்த மரபிலிருந்து ஊக்கம் பெற்றது என்று பிராடா ஒப்புக்கொண்டது.

ஆக, மேடையைப் பார்த்து நகலெடுப்பதாக நினைத்துக்கொண்டிருந்த நான், நம் வீட்டைப் பார்த்து மேடை எடுத்ததைத்தான் திரும்ப எடுத்துக்கொண்டிருந்தேன்.

அதற்காகக் குறைந்த விலையில் கிடைப்பதெல்லாம் நியாயமானது என்றும் சொல்லிவிட முடியாது. 2021 ஆகஸ்ட்டில் வடிவமைப்பாளர் சப்யசாச்சி எச்&எம் நிறுவனத்துடன் சேர்ந்து வெளியிட்ட தொகுப்பு வேகமாக விற்றுத் தீர்ந்தது. இந்தியக் கைவினை மரபைச் சொல்லி விற்ற ஆடைகளில் கைவினைஞர்களின் உழைப்புக்கு இடமில்லையே என்று கைவினை அமைப்புகள் பகிரங்கக் கடிதம் எழுதின. எல்லாராலும் வாங்கக்கூடிய விலையும் வேண்டும், செய்தவர் கைக்குக் காசும் போக வேண்டும். மாணவர் கையிருப்பில் இரண்டையும் முழுமையாகச் செய்ய முடியாது. ஆனால், வெட்டை மேடையிலிருந்தும் துணியைத் தறியிலிருந்தும் எடுத்தால் ஓரளவு முடியும். 8 வெள்ளிக் கைலிக்கும் 16 வெள்ளிக் கைலிக்கும் இடையில் நான் தேர்ந்தெடுத்ததும் அதனால்தான்.

நிகழ்ச்சி நாளன்று ஒன்றாகப் புறப்படுவதற்காகத் தோழிகள் இருவர் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அழைப்புமணி கேட்டதும், நாளிதழ் படித்துக்கொண்டிருந்த அப்பா வழக்கம்போல அறையை நோக்கி எழுந்தார்.

“இருக்கட்டும்ப்பா, மாத்தாதீங்க” என்றேன்.

ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு அருகில் வந்து, கோட்டின் முதுகுத் தையலை விரலால் தடவி, “கட்டம் சரியா சேந்திருக்கு” என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

உள்ளே வந்த தோழி என் கோட்டையும் அப்பாவின் கைலியையும் மாறி மாறிப் பார்த்தாள். “அங்கிள், இது எங்க வாங்கினீங்க? எனக்கும் வேணும்” என்றாள்.

எந்தத் தெரு, எந்தக் கடை, எவ்வளவு பேரம் பேசலாம் என்று அப்பா சொல்லி முடிப்பதற்குள் எங்கள் பேருந்து போய்விட்டது.