சுறாக் கருவாடு ஏன் இப்படி நாறுகிறது?

சம்பளம் போட்ட பிறகு அம்மாவோடு ஹட்டன் டவுனுக்குச் சாமான் வாங்கப் போகும்போது, கருவாட்டுக் கடை வாசலில் மூக்கைப் பொத்திக்கொள்கிறீர்களா? நெத்தலிக்கும் வாடை உண்டுதான். ஆனால் சுறாக் கருவாட்டின் நெடி தனி. மூக்கில் ஏறிக் கண்ணைக் கரிக்கும். காரணம் தேடிக் கடலுக்குப் போக வேண்டாம். தேயிலை மலைக்குப் போடும் உரத்தில் வெள்ளைக் குருணையாக யூரியா இருக்கிறதே, அதேதான் சுறாவின் இரத்தத்திலும் சதையிலும் இருக்கிறது.

அதைத் தயாரிப்பது சுறாவின் ஈரல். நம் ஈரலும் யூரியா தயாரிக்கும். நாம் அதைச் சிறுநீரில் கழித்துவிடுகிறோம். சுறா சேர்த்து வைக்கிறது. ஏன்? வெட்டிய வெள்ளரிக்காயில் உப்புத் தூவிப் பாருங்கள், தண்ணீர் விட்டுச் சுருங்கும். உப்புக் கடலில் வாழும் மீனுக்கும் அதே ஆபத்து. சாளை, சூரை எல்லாம் கடல்நீரையே குடித்து, மிஞ்சிய உப்பைச் செவுள் வழியே வெளியேற்றித் தப்பிக்கின்றன. சுறாவோ யூரியாவைச் சேர்த்து, தன் இரத்தத்தின் செறிவைக் கடல்நீரின் அளவுக்கு உயர்த்தி வைத்திருக்கிறது. அதனால் உடம்புத் தண்ணீர் வெளியே போவதில்லை. செத்த பிறகு நுண்ணுயிர்கள் அந்த யூரியாவை உடைத்து அமோனியா ஆக்குகின்றன. நெடி அதனுடையது. சுறாக் குழம்புக்கு அம்மா தாராளமாகப் புளி விடுவது ருசிக்கு மட்டுமில்லை. புளியிலுள்ள அமிலம் அமோனியாவை அடக்கும்.

சுறா என்றதும் சினிமாவில் வருகிற பூதம் ஞாபகத்துக்கு வரும். இலங்கைக் கரையோரத்தில் வலைக்குள் விழுகிற பால்சுறாவோ பெரும்பாலும் ஒரு மீற்றர் நீளம்தான். முதுகு சாம்பல், வயிறு வெள்ளை, கண் பெரிது. அலையடிக்கும் மணற்கரையில் தொடங்கி 200 மீற்றர் ஆழம் வரை திரியும். சிறுமீன், கணவாய், இறால், நண்டு கிடைத்தால் போதும்.

பிள்ளை பெற்றவர்களுக்குப் பால் சுரக்கும் என்று இதைச் சமைத்துக் கொடுப்பது நம்மவர் வழக்கம். சுறா தன் குட்டிக்குப் பால் கொடுப்பதில்லை. ஆனாலும் மீன்தானே, முட்டையிடும் என்று நினைத்துவிடாதீர்கள்! பால்சுறாவின் குட்டி தாயின் வயிற்றுக்குள் தொப்புள்கொடி வழியாகத்தான் உணவு பெறுகிறது, நாம் பெற்றதைப் போலவே. ஏறக்குறைய ஒரு வருடம் உள்ளே வளர்ந்து, உங்கள் அடிமட்டத்தின் நீளத்துக்குப் பிறக்கும். ஒரு ஈற்றில் பெரும்பாலும் 2 முதல் 5 குட்டிகள். சாளை பல்லாயிரம் முட்டை போடும். எவ்வளவு பிடித்தாலும் ஓரளவு ஈடுகட்டும். பால்சுறாவால் முடியாது. போதாக்குறைக்குக் குட்டிகள் வளர்வதும் கரையோரத்து ஆழமில்லாத நீரில். சின்னக் கண் வலைகள் விழுவதும் அங்கேதான். உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் இது அழியும் ஆபத்துள்ள இனமாக ஏறிவிட்டது.

அடுத்த முறை வீட்டில் சுறாக் கருவாடு வாங்கினால், துண்டின் நடுவே வட்டமாகத் தெரியும் முள்ளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அது எலும்பில்லை, நம் காதுமடலில் இருப்பது போன்ற குருத்தெலும்பு. அதில் வளையம் வளையமாகக் கோடுகள் உண்டு. ஆராய்ச்சியாளர்கள் அதை மெல்லிய சீவலாக வெட்டி, நுண்ணோக்கியில் வளையங்களை எண்ணித்தான் சுறாவின் வயதைக் கணக்கிடுகிறார்கள்.