ஊர் ஓடையில் மின்சாரம்

வட ஆர்க்காட்டிலிருந்து பிழைக்கப் போனவர்கள் இறங்கி உழைத்த கோலார் தங்கவயலுக்கு 1902இலேயே நீர்மின்சாரம் வந்துவிட்டது. காவிரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர் கம்பி இழுத்தார்கள். அது ஒரு சமஸ்தானம் செய்த வேலை. ஒரு மலைக்கிராமம் தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே எடுக்க முடியுமா? இலங்கையில் இரத்தினபுரி, கேகாலை மாவட்டச் சிற்றூர்கள் பல 1990களிலிருந்து எடுத்துக் காட்டின.

ஓடையில் சிறு தடுப்பணை கட்டி, நீரை வாய்க்கால் வழியே ஒரு தொட்டிக்குக் கொண்டுவருகிறார்கள். மணல் அங்கே தங்கிவிடும். தெளிந்த நீர் குழாயில் சரிவிறங்கும். 50 மீட்டர் இறங்கினால், முனையில் அது மணிக்கு ஏறக்குறைய 100 கிலோமீட்டர் வேகத்தில் பீய்ச்சும். எதிரே சுற்றுவது பெல்டன் சக்கரம். அதன் விளிம்பெங்கும் இரட்டைக் கிண்ணங்கள், நடுவே கூரான வரப்பு. அதில் பட்ட நீர் இரண்டாகப் பிளந்து வந்த வழியே திரும்பும்போது தன் வேகத்தைச் சக்கரத்திடம் கொடுத்துவிடுகிறது. வினாடிக்கு 20 லிட்டர் வந்தால், இழப்பு போக 5 கிலோவாட் கிடைக்கும். வீட்டுக்கு 200 வாட் வீதம் 25 வீடுகளுக்கு விளக்கும் டிவியும் ஓடும். இஸ்திரிப் பெட்டிக்கு இடமில்லை.

ஜெனரேட்டருக்கும் பெரிய செலவில்லை. கிணற்றில் நீர் இறைக்கும் மோட்டார் வகையே கண்டென்சர் சேர்த்தால் மின்சாரம் தரும். என்னை மிகவும் வியக்கவைப்பது அதன் பக்கத்திலுள்ள கட்டுப்பாட்டுப் பெட்டிதான். இரவில் வீடுகள் விளக்கை அணைத்ததும் சுமை குறைந்து சக்கரம் தறிகெட்டுச் சுற்றும். மின்னழுத்தம் எகிறி, எரிகிற பல்புகளும் போகும். பெரிய நிலையங்களில் நீரைக் குறைத்துச் சமாளிப்பார்கள். இங்கே நீரைத் தொடுவதில்லை. மிஞ்சிய மின்சாரத்தைப் பெட்டி உடனே ஒரு ஹீட்டருக்குத் திருப்பிவிடும். சக்கரத்தின் மேலுள்ள சுமை மாறாது, வேகமும் மாறாது.

வாய்க்கால் வெட்டியது ஊராரின் சிரமதானம். நிலையம் ஊர்ச் சங்கத்துக்குச் சொந்தம். மாதக் கட்டணத்தில் பராமரிப்பு நடக்கும். அரசின் மின்கம்பி வந்த பிறகு பல நிலையங்கள் நின்றுபோனது பெரிய இழப்பு.

நம் வட ஆர்க்காட்டுப் பக்கம் உயரத்துக்குக் குறைவில்லை. ஏலகிரி 1,000 மீட்டருக்கு மேல். குறை நீரில்தான். பாலாறு பெரும்பாலான மாதங்களில் வெறும் மணல். ஜலகாம்பாறை மழையை நம்பிய அருவி. கோடையிலும் ஓடுகிற நீரே இத்தகைய நிலையத்தின் அளவைத் தீர்மானிக்கிறது. ஜவ்வாது மலையில் வற்றாத ஓடை எதையாவது நீங்கள் அறிந்திருந்தால், வைகாசியில் ஒரு வாளியும் கடிகாரமும் கொண்டுபோய், வாளி நிறைய எத்தனை வினாடி ஆகிறது என்று அளந்து எழுதிவையுங்கள்.