கடனும் மன்னிப்பும்

கொழும்பு மாநகரிலே கொம்பனித்தெரு என்று நாம் வழங்கும் பகுதிக்கு ஆங்கிலத்தில் நெடுங்காலம் வேறொரு பெயர் இருந்தது. ‘ஸ்லேவ் ஐலண்ட்’, அஃதாவது அடிமைத் தீவு என்பதே அப்பெயர். கோட்டையை ஆண்ட ஒல்லாந்தர் பகலிலே தம் அடிமைகளிடம் வேலை வாங்கி, இரவிலே அவர்களைப் பேர வாவி சூழ்ந்த இந்நிலத்தில் அடைத்து வைத்தமையால் எழுந்த பெயர் அது. 2022ஆம் ஆண்டில் அதனைக் கைவிடுமாறு அரசாங்கம் பணித்தது. இழிவு தரும் பெயர் நீங்குதல் நன்றே. ஆயின் பெயர் நீங்கியதனாற் பழியும் நீங்கியதாகுமா? கிறித்தவர் பாவமன்னிப்பு என்று கூறுவதன் உட்பொருளை ஆராய இவ்வினா நம்மைத் தூண்டுகின்றது.

அடிமைகளை வைத்திருந்தோர் சமயப்பற்று இல்லாதவரல்லர். கொட்டாஞ்சேனைக்கு அணித்தாக மேட்டின்மீது நிற்கும் வொல்வெண்டால் தேவாலயம் ஒல்லாந்தர் எழுப்பியது. 1749இல் தொடங்கிய அத்திருப்பணி 1757இல் நிறைவெய்தியது. இயேசு கற்பித்த செபம் அவர்கள் வழிபாட்டிலும் ஒலித்தது. மத்தேயு எழுதிய வடிவத்திலே அச்செபம் பாவத்தைக் கடன் என்றே குறிக்கின்றது. கடனைப் பொறுக்குமாறு இறைவனை வேண்டிய அச்சமுதாயத்தின் சட்டமோ, மனிதனை மனிதன் உடைமையாகக் கொள்வதைக் குற்றமெனக் கருதவில்லை.

மன்னிப்பென்பது இறைவனுக்கும் ஆன்மாவுக்கும் இடையே மட்டும் நிகழ்வதென எண்ணுவோர் இன்றும் பலர். நற்செய்தி அவ்வாறு கூறவில்லை. பீடத்தின்முன் காணிக்கையோடு நிற்பவன், தன்மேற் சகோதரனுக்குக் குறையுண்டென நினைவுகூர்வானாயின், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் அவனோடு ஒப்புரவாகவேண்டும் என்பது மத்தேயு தரும் போதனை. லூக்கா காட்டும் சகேயு, தான் வஞ்சித்துக் கொண்டதை நான்மடங்காகத் திருப்பித் தர முன்வருகின்றான். மனத்துயர், பாவசங்கீர்த்தனம், பரிகாரம் ஆகிய மூன்றையும் கத்தோலிக்கத் திருச்சபை ஒருங்கே வற்புறுத்துகின்றது. அருள் இலவசமாக வருவது என்பர் சீர்திருத்தச் சபையினர். இவை முரண்படுவன அல்ல. அருள் விலைக்கு வருவதன்று. ஆனால் அதனைப் பெற்றவன் அயலானின் கணக்கை மூடிவிட்டு எழுந்து செல்ல உரிமையுடையவனும் அல்லன்.

இதற்கு ஜோன் நியூட்டன் என்னும் ஆங்கிலேயரின் வாழ்வு தக்க சான்றாகும். 1748இல் கடற்புயலில் உயிர்தப்பிய அவர் இறைவனிடம் திரும்பினார். எனினும் அதன் பின்னரே அடிமைக் கப்பல்களின் தலைவராக மும்முறை கடலோடினார். நோயினால் 1754இல் கடற்றொழிலை விட்டு, 1764இற் குருவாகி, அருளைப் போற்றிப் பாடல்கள் இயற்றினார். அவ்வடிமை வாணிகத்தை வெளிப்படையாகக் கண்டித்துத் தம் பங்கையும் ஒப்புக்கொண்ட சிறுநூல் 1788இலேதான் வெளிவந்தது. மன்னிப்புப் பெற்றதாக நம்பிய நாளுக்கும், தீங்குற்றோருக்காக வாய்திறந்த நாளுக்கும் இடையே நாற்பது ஆண்டுகள்! ஆயினும் காலந்தாழ்த்த அச்சாட்சியம் வீண்போகவில்லை. அவ்வாணிகத்தைத் தடைசெய்த பிரித்தானியச் சட்டம் 1807இல் நிறைவேறியது. அவ்வாண்டின் இறுதியில் அவர் காலமானார்.

ஒல்லாந்தரையும் ஆங்கிலேயரையும் குறைகூறி அமைதல் நமக்கு எளிது. 1707இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த யாழ்ப்பாணத்துத் தேசவழமையிலே அடிமைகளைப் பற்றிய விதிகள் உள. அவை நம் முன்னோரிடையே நிலவிய வழக்கங்களே. 1816 ஆகஸ்ட் 12 முதல் தம் அடிமைகளுக்குப் பிறக்கும் குழந்தைகள் சுதந்திரர் ஆவர் என, பிரதம நீதியரசர் அலெக்சாண்டர் ஜோன்ஸ்ரனின் தூண்டுதலால் அடிமை உடைமையாளர் பலர் இசைந்தனர். பெற்றோர் விடுதலைக்கு 1844ஆம் ஆண்டுச் சட்டம் வரவேண்டியிருந்தது. சட்டம் நீங்கியும் சாதி நீங்கிற்றா? 1968இல் மாவிட்டபுரத்துக் கோயில் வாயிலில் உள்நுழையும் உரிமைக்காகப் போராட நேர்ந்தது. கிறித்தவ தேவாலயங்களும் இவ்வேற்றுமைக்கு விலக்காயிருக்கவில்லை.

இறந்தோரிடம் இனி மன்னிப்பு வேண்டுதல் இயலாது. அவர் சார்பில் அதனை வழங்கும் அதிகாரமும் எவருக்கும் இல்லை. எனினும் இரண்டு கடமைகள் எஞ்சியுள்ளன. நடந்ததை நடந்தவாறே நம் மாணவருக்கு உரைத்தல் ஒன்று. அவ்வடிமைகளின் வழித்தோன்றல்களுக்கு இன்றும் மறுக்கப்படும் மதிப்பைத் திருப்பித் தருதல் மற்றொன்று.

குற்றவுணர்வு தன்னையே வருத்தி அழிவதில் முடியுமாயின் அது யூதாசின் வழி. அழுத கண்ணோடு எழுந்து, ஒப்படைத்த பணியை ஏற்குமாயின் அது பேதுருவின் வழி. பெயர்ப்பலகை மாறிய கொம்பனித்தெருவின் வழியே நடப்போர் பழைய பெயரை உச்சரிக்க வேண்டியதில்லை. ஆனால் அதனை மறந்துவிடவும் அவர்களுக்கு உரிமையில்லை. கடனை மறந்தவனுக்கு மன்னிப்பின் அருமை விளங்காது.