கறவை மாட்டுக்குப் புழுக் கொழுப்பு: எந்தக் கழிவில் வளர்த்தால் நல்லது?

கன்று ஈன்ற முதல் சில வாரங்களில் கலப்பினப் பசு, கறக்கும் பாலுக்கு ஈடாகத் தின்னாது. தன் உடம்புக் கொழுப்பைக் கரைத்தே பால் தரும். அதனால் இளைக்கும், மறுபடி சினைக்கு வரத் தாமதமாகும். இதை ஈடுகட்ட நாளொன்றுக்கு 100 முதல் 200 கிராம் 'பைபாஸ் கொழுப்பு' கொடுப்பார்கள். எண்ணெயை அப்படியே ஊற்றினால், நாரைச் செரிக்கும் பெருவயிற்று நுண்ணுயிர்கள் நலிந்துவிடும். எனவே கொழுப்பைக் கால்சியத்தோடு சேர்த்து, பெருவயிற்றில் கரையாத தூளாக்குகிறார்கள்.

இந்தத் தூள் பெரும்பாலும் பாமாயில் ஆலைகளிலிருந்து வருகிறது. இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் காடுகள் அழிந்து எண்ணெய்ப்பனைத் தோட்டங்கள் பெருகியதால் மாற்றுத் தேடல் தொடங்கியது. அப்படி முன்னுக்கு வந்ததுதான் கறுப்பு சிப்பாய் ஈயின் புழு.

புழுவின் கணக்கு

இந்த ஈ சோற்றிலோ பண்டத்திலோ மொய்க்காது. அதன் புழுதான் அழுகும் கழிவைத் தின்று இரண்டு, மூன்று வாரத்தில் கொழுக்கும். உலர்ந்த புழுவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு. தேங்காய் எண்ணெயைப் போலவே அதிலும் லாரிக் அமிலம் மிகுதி. லாரிக் அமிலம் பசு வெளிவிடும் மீத்தேனைக் குறைக்கக்கூடியது. ஆனால் அளவு மிஞ்சினால் பசு தீனியைக் குறைத்துவிடும்.

சுமார் 10 கிலோ ஈரக்கழிவில் நன்றாக வளர்ந்தால் ஒன்றரை முதல் இரண்டு கிலோ உயிர்ப்புழு கிடைக்கும். உலர்த்தினால் அரைக்கிலோ சொச்சம், பிழிந்தால் 150 கிராம் அளவு கொழுப்பு. அதாவது ஒரு மாட்டின் ஒரு நாள் தேவைக்குப் பத்து கிலோ கழிவு. எஞ்சும் புரதம் மீனுக்கும் கோழிக்கும், எச்சம் வயலுக்கும் போகும்.

எந்தக் கழிவு?

புதுச்சேரி முத்தியால்பேட்டை மார்க்கெட்டில் ஒதுக்கப்படும் கோஸ் இலையையும் வாழைத்தோலையும் எடுத்துக்கொள்வோம். அழுகாமல் இருந்தால் மாடே தின்னும். தவிடும் பிண்ணாக்கும் அப்படித்தான். மாடு தின்னக்கூடியதைப் புழுவுக்குப் போட்டு, அந்தப் புழுவின் கொழுப்பை மாட்டுக்குத் தருவது வீண்சுற்று. ஒவ்வொரு படியிலும் சத்து இழப்புதான். மாடு தொடக் கூடாத, அழுகிக் குப்பைமேட்டில் மீத்தேனாக மாறும் கழிவைப் புழு தின்றால்தான் பூமிக்கு லாபம்.

அடுத்தது எரிபொருள். குளிர்நாடுகளில் புழுக்கூடத்தைச் சூடாக்கியே தீர வேண்டும். நம் புதுச்சேரி வெக்கையில் அந்தச் செலவு இல்லை. ஆனால் புழுவை உலர்த்த மின்சாரமோ விறகோ அதிகம் எரித்தால் அந்த ஆதாயம் கரைந்துபோகும்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. பைபாஸ் கொழுப்புக்குப் போவது பெரும்பாலும் பாமாயிலைச் சுத்திகரிக்கையில் பிரியும் துணைப்பொருள். அதை நிறுத்தினால் அதே அளவு காடு பிழைத்துவிடும் என்று சொல்ல முடியாது.

பாதுகாப்பு

1986இல் பிரிட்டனில் கண்டறியப்பட்ட பித்துப்பசு நோய், மாட்டுக்கு மாட்டு எலும்புத்தூளைக் கொடுத்ததால் பரவியது. அதனால்தான் பூச்சிப் புரதத்தை 2017இல் மீனுக்கும் 2021இல் கோழி, பன்றிக்கும் அனுமதித்த ஐரோப்பிய ஒன்றியம், மாட்டுக்கு அனுமதிக்கவில்லை. இந்தியாவிலும் கறவை மாட்டுக்கு இறைச்சி, எலும்புத்தூள் கொடுக்கக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. ஆகவே இறைச்சிக் கழிவில் வளர்ந்த புழு மாட்டுத் தொட்டிக்கு வரவே கூடாது. கழிவில் காட்மியம் இருந்தால் அது புழுவின் உடலில் சேரும் என்பதால், பிரிக்காத நகரக் குப்பையும் உதவாது.

ஏற்கெனவே கையில் உள்ள பூச்சி

நம் பக்கத்தில் பழகிய பூச்சி பட்டுப்புழு. ஒரு கிலோ பட்டு நூற்றால் சுமார் இரண்டு கிலோ உலர்ந்த கூட்டுப்புழு மிஞ்சும். அதிலும் கால் பங்குக்கு மேல் கொழுப்பு. ராமநகரம், தருமபுரி வட்டாரங்களில் இதற்கெனப் புதுப் பண்ணை தேவையில்லை. ஆனால் அந்தக் கொழுப்பு சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும், பெருவயிற்று நுண்ணுயிர்களையும் தாக்கும். உடனே பிழிந்து கால்சியத்தோடு கட்டினால்தான் பயன்.

புதுச்சேரியின் குப்பைக் கிடங்கு, பாண்லே பால் நிலையம், ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி மூன்றும் குருமாம்பேட்டில்தான் உள்ளன. தரம்பிரித்த, அழுகிய காய்கறிக் கழிவில் புழு வளர்த்து, முதலில் கோழிக்கும் மீனுக்கும் கொடுத்து, கொழுப்பைச் சோதித்த பிறகு சில பசுக்களில் பாலின் தரத்தை அளந்து பார்க்க இதைவிடப் பொருத்தமான ஊர் ஏது? அதுவரை, புழுக் கொழுப்பு விற்க வருபவரிடம் மாடு வளர்ப்பவர் மூன்று கேள்வி கேட்கட்டும்: புழு எதைத் தின்றது, எதைக் கொண்டு உலர்த்தினீர்கள், ஆய்வுக்கூடச் சான்று எங்கே? மூன்றுக்கும் நேரான பதில் வந்தால் மட்டும் வாங்கலாம்.